தெற்குவாசல் நெரிசலுக்கும் சாப்டூர் கரிசலுக்கும் ஒரே வண்டி: நான்கு சிறிய எஸ்யூவிகளின் ஒப்பீடு

எங்கள் வீடு மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறது. அப்பா விட்டுச் சென்ற தோட்டம் பேரையூருக்கும் சாப்டூருக்கும் இடையில், சதுரகிரி மலைத்தொடர் கண்ணில் படுகிற கரிசல் பூமியில் இருக்கிறது. அந்தத் தோட்டத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டாலும், மாதத்தில் இரண்டு முறையாவது நேரில் போய்ப் பார்க்காமல் அம்மாவுக்கு மனம் ஆறாது. எனவே நாங்கள் வாங்கப்போகும் வண்டி, வாரம் முழுவதும் தெற்குவாசல், கீழவாசல் நெரிசலில் ஊர்ந்து பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வைகையைத் தாண்டிக் கே.கே. நகர் வரை போய்வர வேண்டும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஐந்து பேரையும் இரண்டு தேங்காய்ச் சாக்குகளையும் சுமந்துகொண்டு வண்டிப்பாதையிலும் நடக்க வேண்டும். பத்து லட்சம் ரூபாயை ஒட்டிய விலையில் இவ்விரண்டையும் செய்யக்கூடியவை என்று டாடா பஞ்ச், டாடா நெக்ஸான், மாருதி பிரெஸ்ஸா, மஹிந்திரா பொலேரோ ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு நான்கு மாதம் யோசித்தேன். அந்த யோசனையை இதே நிலையில் இருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில் செய்தது, எந்த ஷோரூமுக்கும் போகாமல், பழைய காரின் ஓட்டத்தை ஒரு மாதம் நோட்டில் குறித்ததுதான். நகருக்குள் ஏறத்தாழ 450 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஊருக்கு இரண்டு முறை போய்வந்ததில் 220 கிலோமீட்டர். உறவினர் வீடுகள், கோயில், மருத்துவமனை என்று இன்னும் ஒரு 130. ஊர்ப் பயணத்தின் பெரும்பகுதி திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் 744-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தே.கல்லுப்பட்டி வரை நல்ல சாலைதான். அதற்குப் பிறகு ஜல்லி பெயர்ந்த தார்ச்சாலை பத்து கிலோமீட்டர். கடைசி மூன்று கிலோமீட்டர்தான் ஓடையைக் கடந்து கண்மாய்க்கரை மேல் ஏறி இறங்கும் கரிசல் பாதை. மாதம் 800 கிலோமீட்டரில் அந்தப் பாதை வெறும் 12 கிலோமீட்டர் என்பதைக் கூட்டிப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன். அதுவரை அந்தப் 12 கிலோமீட்டரை மட்டுமே மனத்தில் வைத்து வண்டி தேடிக்கொண்டிருந்தேன்.

அப்படித் தேடியதற்குக் காரணம் உண்டு. முன்பிருந்த சிறிய கார் ஓடைக் கல்லில் அடி தட்டி, இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான ஆயில் சம்ப் உடைந்து, இரவு ஒன்பது மணிக்கு அம்மாவையும் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு நடுவழியில் நின்றோம். அதன் பிறகு, எந்த வண்டியைப் பார்த்தாலும் தரையிலிருந்து அதன் அடிப்பாகம் எவ்வளவு உயரம் என்பதே என் முதல் கேள்வியாக இருந்தது. நான் பார்த்த மாடல்களுக்கு நிறுவனங்கள் தந்த கணக்கில் பஞ்ச் 187 மில்லிமீட்டர், பிரெஸ்ஸா 198, நெக்ஸான் 208, பொலேரோ 180. இந்த வரிசையை மட்டும் நம்பினால் நான்கில் மிகத் தாழ்வானது பொலேரோ என்று ஆகிவிடும்; பேரையூர் வட்டாரத்தில் யாரிடமாவது அப்படிச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்த எண் பொய் சொல்லவில்லை. ஆனால் அது முழு விவரத்தையும் சொல்லிவிடுவதில்லை.

இந்த அளவு பெரும்பாலும் வண்டி காலியாக நிற்கும்போது எடுக்கப்படுகிறது. ஐந்து பேரும் சுமையும் ஏறினால் நானூறு கிலோவை நெருங்கும். மென்மையான ஸ்பிரிங் கொண்ட வண்டியின் பின்பகுதி அந்த எடையில் நன்றாகவே இறங்கிவிடும், பள்ளத்தில் விழுந்து எழும்போது இன்னும் இறங்கும். எங்கள் பழைய கார் டிக்கியில் சாக்கு ஏற்றியதும் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பொலேரோவின் பின் அச்சில் பட்டை பட்டையாக அடுக்கிய லீஃப் ஸ்பிரிங் இருக்கிறது. சுமை ஏற ஏறத்தான் அது தன் வேலையைச் செய்யத் தொடங்கும் என்பதால், காலியாக இருக்கும்போது காட்டுகிற உயரத்தைச் சுமையோடும் பெருமளவு காப்பாற்றிக்கொள்கிறது. மற்ற மூன்றும் சட்டகமும் உடலும் ஒன்றாகவே அமைந்த, பின்புறம் டார்ஷன் பீம் என்னும் முறுகும் தண்டும் சுருள் ஸ்பிரிங்கும் வைத்த வண்டிகள்.

அடுத்தது டயர். இதைப் பற்றி ஷோரூமில் யாரும் தாமாகப் பேசமாட்டார்கள், ஆனால் மோசமான சாலைக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். டயரின் மேல் 215/75 என்று எழுதியிருந்தால், அதன் அகலம் 215 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 விழுக்காடு என்று பொருள். அதாவது ஏறத்தாழ 161 மில்லிமீட்டர் ரப்பரும் காற்றும் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே இருக்கின்றன. இது பொலேரோவின் டயர். பிரெஸ்ஸாவின் 215/60 டயரில் அதுவே 129. நெக்ஸானின் கீழ்ப்படி வேரியண்ட்களில் வரும் 195/60 டயரில் 117, மேல்படிகளில் வரும் 215/60 டயரில் 129. பஞ்ச்சில் நிலைமை தலைகீழ்: குறைந்த விலை வேரியண்ட்களில் வரும் 15 அங்குல 185/70 டயரின் பக்கச் சுவர் 130 மில்லிமீட்டர், கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் 16 அங்குல 195/60 டயரின் சுவர் 117 மில்லிமீட்டர்தான். பளபளப்பான அலாய் வீலுக்காகப் பணம் கட்டிவிட்டு, ஜல்லி பெயர்ந்த சாலையில் ரிம் வளைந்து டயர் புடைத்து நிற்பதைவிட, பஞ்ச் வாங்குவோர் இரும்பு ரிம் வைத்த வேரியண்ட்டோடு நின்றுகொள்வது கிராமத்துப் பாதைக்கு நல்லது. இரும்பு ரிம் வளைந்தால் தே.கல்லுப்பட்டியில் தட்டி நிமிர்த்திவிடலாம். அலாய் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது, எந்தச் சக்கரங்கள் வண்டியை இழுக்கின்றன என்பது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் எப்படி மாறும் என்பது அந்த மண்ணில் பிறந்தவர்களுக்குத் தெரியும்: டயரின் வெட்டுகளில் அப்பி அடைத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் டயரையே வழுவழுப்பான உருளையாக்கிவிடும். பஞ்ச், நெக்ஸான், பிரெஸ்ஸா மூன்றுமே முன்சக்கர இழுவை வண்டிகள். பின்னால் சுமை ஏற்றிக்கொண்டு கண்மாய்க்கரை மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்ந்து, இழுக்க வேண்டிய முன்சக்கரங்கள் இலேசாகிச் சுழலும். பொலேரோவில் பின்சக்கரங்கள் தள்ளுவதால், அதே சுமை அங்கே துணையாக மாறுகிறது. ஆகவே அந்த மூன்று கிலோமீட்டரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொன்னால் பொலேரோதான். மற்றவற்றைப் பற்றி மேலே எழுதவே வேண்டியதில்லை.

பொலேரோவை நான் எளிதில் தள்ளிவிடவில்லை. 2000-ஆம் ஆண்டு முதல் இந்தியச் சாலைகளில் ஓடும் வண்டி அது. உசிலம்பட்டியிலோ பேரையூரிலோ எந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த மெக்கானிக் இருப்பார். மூன்று சிலிண்டர் 1.5 லிட்டர் டீசல் இன்ஜின் 76 பி.எஸ். திறன்தான் தருகிறது என்றாலும், 210 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையைக் குறைந்த வேகத்திலேயே தந்துவிடுவதால் சேற்றிலும் மேட்டிலும் திணறுவதில்லை. தனிச் சட்டகத்தின் மேல் உடல் பொருத்திய அமைப்பு என்பதால் பள்ளங்களின் அடியைப் பல ஆண்டுகள் தாங்கும். வெறும் 1745 மில்லிமீட்டர் அகலம் என்பதால் வில்லாபுரத்துக் குறுக்குத் தெருக்களுக்கும் அது பெரிய வண்டி இல்லை. ஊரிலேயே குடியிருந்து வாரம் ஒருமுறை மதுரைக்கு வருகிற என் சித்தப்பா போன்றவர்களுக்கு இதைத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

ஆனால் எங்கள் வீட்டில் இரண்டு காரணங்கள் குறுக்கே நின்றன. ஒன்று, அம்மாவின் முழங்கால். பொலேரோவின் தளம் உயரமானது. படியில் கால் வைத்து, கைப்பிடியைப் பற்றி உடலைத் தூக்கி ஏற வேண்டும். சோதனை ஓட்டத்தின்போது அம்மா ஒருமுறை ஏறி இறங்கியதைப் பார்த்ததுமே என் மனைவி என்னைப் பார்த்தாள். மருத்துவமனைக்குப் போகும் நாளெல்லாம் அந்தப் படியை நினைத்துக் கவலைப்பட வேண்டியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது. இன்னொன்று, பாதுகாப்பு. தனிச் சட்டகம் இருந்தால் விபத்தில் உறுதியாக நிற்கும் என்று நம் பக்கத்தில் பலர் நம்புகிறார்கள். சட்டகம் வளையாமல் நிற்பது வேறு, மோதலின் வேகத்தை வண்டியின் முன்பகுதி நொறுங்கி வாங்கிக்கொண்டு உள்ளே இருப்பவரைக் காப்பது வேறு. அதே குடும்பத்தைச் சேர்ந்த, தனிச் சட்டகம் கொண்ட பொலேரோ நியோ 2024-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்துக்கு ஒரே ஒரு நட்சத்திரம்தான் பெற்றது. பின்னால் பக்கவாட்டில் எதிரெதிராக அமைந்த இருக்கைகளில் பிள்ளைகளை உட்கார வைத்து நான்குவழிச் சாலையில் ஓட்டும் துணிவு எனக்கு இல்லை.

பஞ்ச்சைப் பொறுத்தவரை, நகரத்துக்கு இந்த நான்கில் மிகப் பொருத்தமானது அதுதான். நான் பார்த்த மாடல் 3.83 மீட்டர் நீளம் என்பதால் மாசி வீதிகளில் கிடைக்கிற இடுக்கில் நிறுத்திவிடலாம். கதவுகள் தொண்ணூறு பாகை திறப்பதாலும் இருக்கையின் உயரம் இடுப்பளவில் இருப்பதாலும் அம்மா எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி உட்கார்ந்தார். 2021-இல் குளோபல் என்கேப் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம் பெற்ற வண்டி. குறை, இன்ஜினிலும் பின் இருக்கையிலும் இருக்கிறது. காற்றை அழுத்தி ஊட்டும் டர்போ இல்லாத அதன் 1.2 லிட்டர் இன்ஜின் தருவது 115 நியூட்டன் மீட்டர். இருவர் போகும்போது போதும், ஐவரும் ஏ.சி.யும் சாக்கும் சேர்ந்தால் ஆண்டிபட்டிக் கணவாயிலோ கொடைக்கானல் மலைப்பாதையிலோ இரண்டாம் கியரை விட்டு வெளியே வர மனம் வராது. பின்னால் அம்மாவும் வளர்கிற இரண்டு பிள்ளைகளும் தோள் இடிக்க உட்கார வேண்டும். நான்கு பேர் கொண்ட குடும்பமாக இருந்திருந்தால் நான் இந்த இடத்திலேயே நின்று பஞ்ச்சுக்கு முன்பணம் கட்டியிருப்பேன்.

மிஞ்சியவை பிரெஸ்ஸாவும் நெக்ஸானும். உண்மையான போட்டி இவற்றுக்கு இடையில்தான், அதை முடிவு செய்ததில் சாலைக்கு இருந்த பங்கைவிட வரிக்கு இருந்த பங்கு அதிகம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2025 செப்டம்பர் 22 முதல் நடைமுறைக்கு வந்த ஜி.எஸ்.டி. மாற்றத்தின்படி, நான்கு மீட்டருக்கு மிகாத நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சிசி, டீசல் என்றால் 1500 சிசிக்கு மிகாத இன்ஜினும் கொண்ட கார்களுக்கு 18 விழுக்காடு வரி. அதைத் தாண்டியவற்றுக்கு 40 விழுக்காடு. பஞ்ச், நெக்ஸான், பொலேரோ மூன்றும் இந்த வரம்புக்குள் வந்துவிடுகின்றன. பிரெஸ்ஸா நான்கு மீட்டருக்குள் அடங்கினாலும், அதன் பெட்ரோல் இன்ஜின் 1462 சிசி என்பதால் 40 விழுக்காட்டில் மாட்டிக்கொள்கிறது. விலைப்பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தபோது, பிரெஸ்ஸாவின் இடைநிலை வேரியண்ட்டுக்குக் கொடுக்கிற பணத்தில் நெக்ஸானில் ஒரு படி மேலே போய்விட முடிந்தது.

இதற்கு மேல் தமிழ்நாட்டின் வாழ்நாள் சாலை வரி. 2023-இல் திருத்தப்பட்ட விகிதப்படி, ஐந்து முதல் பத்து லட்சம் வரையிலான காருக்கு 13 விழுக்காடு, பத்து லட்சத்தைத் தாண்டி இருபது வரை 18 விழுக்காடு. 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800 ரூபாய். விலையில் இருபதாயிரம் வேறுபாடு, வரியில் ஐம்பத்து மூவாயிரம் வேறுபாடு. சன்ரூஃப் வைத்த அடுத்த வேரியண்ட்டுக்கு மாதத் தவணையில் கொஞ்சம்தான் கூடும் என்று விற்பனையாளர் சொல்லும்போது, அது பத்து லட்சக் கோட்டைத் தாண்டுகிறதா என்பதை முதலில் பாருங்கள். அந்த ஐம்பதாயிரத்தில் நான்கு நல்ல டயர் வாங்கியும் பணம் மீதமிருக்கும்.

பிரெஸ்ஸாவின் சிறப்புகளைக் குறைத்துச் சொல்ல விரும்பவில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் என்பதால் சிக்னலில் நிற்கும்போது அதிர்வு கைக்கு எட்டுவதில்லை, கிளட்ச் மென்மையானது, 4.8 மீட்டர் ஆரத்தில் திரும்பிவிடுவதால் சிம்மக்கல் பக்கத்துத் தெருக்களில் பின்னுக்கு எடுத்து முன்னுக்குத் தள்ளும் வேலை குறைவு. தானியங்கி கியர்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஒப்பீட்டில் நான் பரிந்துரைப்பது பிரெஸ்ஸாவின் ஆறு கியர் டார்க் கன்வெர்ட்டர் வகைத் தானியங்கியைத்தான், ஏனென்றால் கோரிப்பாளையத்தில் அடி அடியாக நகரும்போது, சாதாரண கியர்பெட்டியையே இயந்திரம் மாற்றிக்கொடுக்கும் ஏ.எம்.டி. போல் அது உலுக்குவதில்லை. அதை வாங்கினால் மேற்சொன்ன பத்து லட்சக் கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மாருதியின் சர்வீஸ் நிலையங்கள் சிறு நகரங்கள் வரை பரவியிருப்பதும், விற்கும்போது விலை நிற்பதும் பலருக்குத் தீர்மானமான காரணங்கள், அவை நியாயமானவை. 2018-இல் சோதிக்கப்பட்ட அதன் முந்தைய தலைமுறை குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றிருந்தது.

நெக்ஸான் அதே சோதனையில் 2018-இல் ஐந்து நட்சத்திரம் பெற்று, 2024-இல் கடுமையாக்கப்பட்ட முறையிலும் ஐந்தைத் தக்கவைத்துக்கொண்டது. அதே ஆண்டில் இந்தியாவின் சொந்த மோதல் சோதனையான பாரத் என்கேப்பிலும் ஐந்து. 2023 முதல் எல்லா வேரியண்ட்களிலும் ஆறு ஏர்பேக் உண்டு. 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின் 170 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1750 சுழற்சியிலேயே எட்டிவிடுகிறது. பிரெஸ்ஸாவின் 137 நியூட்டன் மீட்டர் கிடைக்க 4400 சுழற்சி வரை மிதிக்க வேண்டும். சுமையோடு மேடேறும்போது இந்த வேறுபாடு காலுக்கே தெரிகிறது. 382 லிட்டர் டிக்கி, பிரெஸ்ஸாவின் 328-ஐவிடப் பெரியது; எங்கள் சாக்குகளுக்கு அது ஒரு பொருட்டு. பள்ளத்தில் இறங்கும்போது நெக்ஸான் சற்று இறுக்கமாகவும், ஆனால் ‘டங்’ என்ற ஓசை இல்லாமலும் எழுந்து வந்தது என் சோதனை ஓட்டத்தில் மனத்தில் பதிந்தது. குறைகளும் உண்டு: 1500 சுழற்சிக்குக் கீழே டர்போ எழாததால் நெரிசலில் முதல் கியருக்கும் இரண்டாவதற்கும் இடையே ஓயாமல் மாற்ற வேண்டும், மூன்று சிலிண்டரின் நடுக்கம் நிற்கும்போது இருக்கைக்கு வருகிறது, நகருக்குள் மைலேஜில் பிரெஸ்ஸாவை எட்டாது. சர்வீஸ் தரம் நிலையத்துக்கு நிலையம் மாறுகிறது என்று வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் சொல்வதால், அவர்களில் இருவர் திருப்தியோடு விடும் இடத்தைக் கேட்டுக்கொண்ட பிறகே அடுத்த அடி வைத்தேன்.

டீசல் நெக்ஸானையும் பார்த்தேன். 260 நியூட்டன் மீட்டர் என்றால் யாருக்கும் ஆசை வரும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓட்டம், பெட்ரோலில் லிட்டருக்கு 12, டீசலில் 16 கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எரிபொருளில் மிச்சமாவது ஆண்டுக்கு இருபத்தைந்தாயிரத்தை ஒட்டியே வருகிறது. விலை வேறுபாடு லட்சத்தைத் தொடுவதாலும், சாலை வரிப் படி ஏறுவதாலும், அந்தப் பணம் திரும்ப ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். மேலும், 2020 ஏப்ரல் முதலான, பிஎஸ்-6 என்ற புகை மாசு விதிக்கு உட்பட்ட டீசல் வண்டிகளில் இருக்கும் கரித்துகள் வடிகட்டி, சூடாக நீண்ட தூரம் ஓடினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஒரு தடவைக்கு எட்டு கிலோமீட்டர் ஊர்ந்து நிற்கிற எங்கள் ஓட்டம் அதற்கு ஏற்றதில்லை. மாதம் 1500 கிலோமீட்டருக்கு மேல், அதிலும் பெரும்பகுதி தேனி, திருநெல்வேலி என்று நெடுஞ்சாலையில் ஓட்டுபவருக்கு விடை மாறும்.

பழைய ரெனோ டஸ்டர் வாங்கலாமே என்று பலர் சொன்னார்கள். மோசமான சாலையில் அதன் சஸ்பென்ஷனுக்கு இணை இந்த விலையில் இன்றும் இல்லை என்பதில் எனக்கும் மறுப்பில்லை. 205 மில்லிமீட்டர் உயரமும் 475 லிட்டர் டிக்கியும் எங்கள் தேவைக்கென்றே செய்ததுபோல இருக்கின்றன. ஆனால் 2012-இல் வந்த அந்த வண்டியின் டீசல் 2020-இலேயே நின்றுவிட்டது. இன்று கையில் கிடைப்பவை ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி, டைமிங் பெல்ட், கிளட்ச், புஷ்கள் என்று ஒரு பெரிய செலவின் வாசலில் நிற்பவை. தானே வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு அது நல்ல பேரம். எனக்கு அந்தக் கைப்பழக்கம் இல்லை.

இப்படியாக, பத்து லட்சத்துக்குள் அடங்கிய நெக்ஸான் பெட்ரோல், கைமுறை கியர் என்று முடிவு செய்தோம். கீழ்ப்படி வேரியண்ட் என்பதால் 195 அளவு டயர்தான் வரும். அது தேய்ந்ததும் அதே ரிம்மில் பொருந்துகிற, அந்த மாடலின் மேல்படிக்கு நிறுவனமே தருகிற 215/60 அளவுக்கு மாற்றுவதாக இருக்கிறேன். சம்ப்புக்கு அடியில் இரும்புக் காப்புத் தகடு போடுவது பற்றியும், வாரண்டிக்குப் பாதகம் வராதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகே செய்வேன்.

முன்பணம் கட்டுவதற்கு முந்தைய ஞாயிறு, தெரிந்தவர் ஒருவரின் நெக்ஸானைக் கேட்டு வாங்கி, ஐந்து பேரும் ஏறி, தோட்டம் வரை போய்வந்தோம். ஓடையில் அடி தட்டவில்லை. கண்மாய்க்கரை மேட்டில் முன்சக்கரம் ஒருமுறை சுழன்று பிடித்துக்கொண்டது. அது காய்ந்த மண். கார்த்திகை மழையில் அது பிடிக்காது என்பதில் எனக்கு ஐயமில்லை, சித்தப்பாவுக்கும் இல்லை. மழை நாட்களில் வண்டியைத் தார்ச்சாலை முடிகிற காளியம்மன் கோயில் திடலிலேயே நிறுத்திவிடச் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து அம்மாவை அவருடைய டிராக்டரில் ஏற்றிப் போவதாக ஏற்பாடு, ஏறுவதற்கு ஒரு மர முக்காலி இப்போதே செய்து வைத்திருக்கிறார்.